சுற்றம் இல்லாமல் சுற்றுலாவா?

(தலைப்பு: குடும்பச் சுற்றுலாவில் மனம் நிறைவது போகிற இடத்தாலா, கூட வருகிற மனிதர்களாலா? ‘மனிதர்களாலேயே’ என்ற அணியில் பேசியது.)

எதிரே உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! பண்டிகை நாளும் அதுவுமா அடுப்பை அணைச்சிட்டு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால உட்கார்ந்திருக்கிற குடும்பங்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். “மனுஷங்களைத்தான் வீட்டிலேயே தினம் பார்க்கிறோமே, அவங்களைப் பார்க்கிறதுக்கா இவ்வளவு பணம் செலவழிச்சு ஊர் விட்டு ஊர் போறோம்?” என்றார். அரங்கமே கை தட்டிச்சு. நடுவர் அவர்களே, முதல் ஆளாத் தட்டினது யார்னு திரும்பிப் பார்த்தேன். அம்மையாரோட வீட்டுக்காரர்! (சிரிப்பு)

தினம் பார்க்கிறோமா? அம்மா, ஒரே வீட்டில் இருக்கிறோம், அவ்வளவுதான். அப்பா எழுந்திரிக்கும்போது பையன் டியூஷனுக்குப் போயாச்சு. பையன் தூங்கின பிறகு அப்பா வீட்டுக்கு வர்றார். ரெண்டு பேரும் ஒரே சோப்பைத்தான் தேய்ச்சுக் குளிக்கிறாங்க, ஆனா முகத்துக்கு முகம் பார்க்கிறது ஞாயிற்றுக்கிழமை. அன்னைக்கும் ஆளுக்கொரு செல்போன்.

அம்மையார் பொழுதுபோக்குப் பூங்காவை உதாரணம் காட்டினார். “வாசலில் கால் வைத்த முதல் நாளே மனசு நிறைஞ்சிடும், அதுதான் இடத்தோட சக்தி” என்றார். சரி, நானும் வேறெங்கும் ஓடலை. அதே பூங்கா, அதே முதல் நாள். அதை வைத்தே என் கட்சியைச் சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பாருங்கள். தமிழ் வாத்தியார் வேறெங்கே போவேன்? சுற்று, உலா. இரண்டும் சேர்ந்தது சுற்றுலா. இந்தச் ‘சுற்று’ இன்னொரு சொல்லிலும் இருக்கிறது. சுற்றம்! நம்மைச் சுற்றி இருப்பவர்கள் சுற்றம். பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து நூல்கள், ஆற்றுப்படை. பரிசு வாங்கித் திரும்புகிற கலைஞன், வழியில் எதிர்ப்படுகிற கலைஞனிடம், “இன்னாரிடம் போ, இந்த வழியாப் போ, வழியிலே இன்னது சாப்பிடக் கிடைக்கும்” என்று சொல்லி அனுப்புவான். அந்தக் காலத்துச் சுற்றுலா வழிகாட்டி! அப்படிப் போன பாணனும் கூத்தனும் தனியாகவா போனார்கள்? பெண்டு பிள்ளைகளோடு, சுற்றத்தோடு போனார்கள். சுற்றம் இல்லாமல் சுற்றினால் அதற்குப் பேர் சுற்றுலா இல்லை அம்மா, தலைசுற்றல்! (கைதட்டல்)

உலகத்துக்கே பெரிய பொழுதுபோக்குப் பூங்கா எது? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் டிஸ்னி என்று சொல்லும். அந்த இடம் எப்படி வந்தது? வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வார விடுமுறையில் லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பார்க் என்ற பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் குடைராட்டினத்தில் ஏறிச் சுற்றும். இவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது ஒரு ஏக்கம். ‘பிள்ளைகள் விளையாட இடம் இருக்கு. அப்பனுக்குப் பெஞ்சுதான் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இல்லையே’ என்று. இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எதிரணி நண்பர்களே, இடத்தைத் தூக்கித் தூக்கிப் பேசுகிறீர்கள். அந்த இடம் பிறந்ததே பிள்ளைகளோடு சேர்ந்திருக்க ஆசைப்பட்ட ஒரு தகப்பனால்!

சரி, கட்டியாச்சு. 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம் என்ற ஊரில் டிஸ்னிலேண்ட் திறப்பு விழா. முதல் நாள்! என்ன ஆச்சு தெரியுமா? அழைப்பு இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அனுமதி. கள்ள டிக்கெட் அடிச்சு எதிர்பார்த்ததைப் போல ரெண்டு மடங்குக் கூட்டம், 28,000 பேர்னு கணக்குச் சொல்றாங்க. கள்ள டிக்கெட் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம்! (சிரிப்பு) கொளுத்துகிற வெயில். புதுசாப் போட்ட தார் இளகி, பெண்களோட குதிகால் செருப்பு அதிலே புதைஞ்சு நின்னுது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் வேறு. குடிநீர்க் குழாயா, கழிப்பறையா, ரெண்டில் ஒன்றைத்தான் நேரத்துக்கு முடிக்கலாம் என்ற நிலைமை. கழிப்பறைதான் என்று முடிவு பண்ணினார் வால்ட் டிஸ்னி. குடும்பஸ்தர்! அனுபவம் பேசுது! (சிரிப்பு) இவ்வளவும் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு நடந்த அதே நாளில். அதைத் தொகுத்து வழங்கியவர்களில் ஒருத்தர் ரொனால்ட் ரீகன், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி. நெரிசலைச் சமாளிக்கிற பயிற்சியை அங்கேதான் எடுத்திருப்பார் போல.

இடத்தால்தான் மனம் நிறையும் என்றால், அந்த இடத்தை அன்றைக்கே இழுத்து மூடியிருக்கணும். மூடலை. இரண்டு மாதத்துக்குள் பத்து லட்சம் பேர் வந்துவிட்டார்கள். தார் இளகினது யாருக்கும் ஞாபகம் இல்லை. யார் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனோம் என்பது ஞாபகம் இருந்தது. அதான் திரும்ப வந்தாங்க.

நம்ம ஊருக்கு வாங்க. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை, வி.ஜி.பி. எத்தனை ராட்டினம் இருந்தாலும் எல்லாக் குடும்பமும் போய் நின்ற இடம் எது? சிலை மனிதர்! தலைப்பாகை கட்டி, மீசை வச்சு, அசையாமல் நிற்பார். மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது, நட்டு போல்ட் கிடையாது. அவரைச் சிரிக்க வைக்கிறதுக்காக வீட்டில் என்றைக்கும் சிரிக்காத அப்பா குரங்கு சேஷ்டை பண்ணுவார்! அதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சிலை சிரிக்கலை. குடும்பம் சிரிச்சுது. நடுவர் அவர்களே, நீங்களும் முயற்சி பண்ணியிருப்பீங்க! (நடுவர் சிரிக்கிறார், கைதட்டல்)

இப்போ ஒரு குடும்பத்தோட முதல் நாளைச் சொல்கிறேன். நான் பக்கத்தில் இருந்து பார்த்தது. 2023 ஜூன். அமெரிக்காவுக்குத் தமிழ்ச் சங்க நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். என் அக்கா மகன் அட்லாண்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அக்காவும் மூணு மாசம் விசாவில் வந்திருந்தாங்க. மாமா தவறிப்போய் நாலு வருஷம். அவங்க உசிலம்பட்டிப் பக்கத்தில் தனியாத்தான் இருக்காங்க. “மாமா, எல்லாருமா டிஸ்னி வேர்ல்ட் போறோம். நாலு நாள். நீங்களும் வாங்க” என்றான். காரில் ஏழு மணி நேரம். ராத்திரி போய் அங்கேயே தங்கும் விடுதியில் இறங்கினோம். அடுப்பு, பாத்திரம் எல்லாம் உள்ள அறை.

விடிஞ்சா முதல் நாள். மருமகப்பிள்ளை ஒரு தாளை நீட்டினான். பஸ் ஸ்டாண்டில் எழுதிப் போட்டிருப்பானே, அந்த மாதிரி. 8:30 இது, 9:10 அது, 9:50 அது. மொத்தம் 14 ஐட்டம். கழிப்பறைக்குக் கூட நேரம் போட்டிருந்தான்! “ஏன்டா தம்பி, எனக்கு அந்த நேரத்தில் வரலைன்னா?” என்று அக்கா கேட்டாங்க. (சிரிப்பு) அவனைக் குறை சொல்லலை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு டாலருக்கு மேல் டிக்கெட். மூணு வயசு நிறையாத பிள்ளைக்கு இலவசம். பத்து வயசானா பெரியவர் கட்டணம். நம்ம வீட்டில் கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை பெத்தவனையே அம்மா பெரியவனா ஒத்துக்கிறதில்லை, அங்கே பத்து வயசுக்கே பதவி உயர்வு! கொடுத்த காசை எடுக்கணுமே என்ற பதைப்பு அவனுக்கு. நம்ம எல்லாருக்கும் இருக்கிற பதைப்புதான். கல்யாணப் பந்தியில் மொய் எழுதின கையோட ரெண்டாவது ஜிலேபி கேட்கிற பதைப்பு!

அக்கா விடியற்காலம் நாலு மணிக்கே எழுந்து புளியோதரை கிண்டிட்டாங்க. அங்கே வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடி பாட்டில் மட்டும் கூடாது. ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தியாச்சு. காரை நிறுத்தி, ஏரியைப் படகில் கடந்து, அப்புறம்தான் வாசல். எதிரணி நண்பர் வியந்தாரே, அந்தப் பூங்கா நாம் நடக்கிற தளத்துக்குக் கீழே இன்னொரு தளம், வேலை செய்கிறவர்கள் போய்வர வழி என்று. உண்மைதான். ஏரி தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். நாம் நடப்பது முதல் மாடி. பிரமாதமான இடம். நான் மறுக்கவே இல்லை.

முதல் ஐட்டம், ஸ்பேஸ் மவுண்டன். இருட்டுக்குள்ளே ஓடுகிற ரோலர் கோஸ்டர். 44 அங்குலம் உயரம் இருந்தால்தான் ஏறலாம். பேரனுக்கு 11 வயசு, தாண்டிட்டான். பேத்திக்கு அஞ்சு வயசு, 42 அங்குலம். குதிகாலைத் தூக்கிப் பார்த்துச்சு, கொண்டையை நிமிர்த்திப் பார்த்துச்சு. ம்ஹும்! தேம்பி அழுதுச்சு. அதுக்கு அங்கே ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. ஒருத்தர் ஏறும்போது இன்னொருத்தர் பிள்ளையோட இருக்கலாம், அப்புறம் மாத்திக்கலாம், திரும்ப வரிசையில் நிற்க வேண்டாம். பேரன் அப்பாவோட ஒரு தடவை, அம்மாவோட ஒரு தடவை. தங்கச்சி குட்டையா இருந்ததில் அண்ணனுக்கு ரெண்டு சவாரி! (சிரிப்பு) பேத்தி? பாட்டி மடியில் உட்கார்ந்து புளியோதரை. அழுகை நின்னுபோச்சு. அரை மணி நேரத்தில் பாட்டியும் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்சிகோ நாட்டுக் குடும்பத்துக்கு ஊறுகாய் கொடுத்து, அவங்க பாட்டிகிட்டே ஏதோ மிட்டாய் வாங்கிட்டாங்க. ஒரு வார்த்தை மொழி தெரியாது. முழங்கால் வலி எல்லா மொழியிலும் ஒண்ணுதானே!

இதுக்குள்ளே மணி பதினொண்ணு. தாளில் மூணு ஐட்டம் போச்சு. மருமகப்பிள்ளை முகம் சுண்டிப்போச்சு. அடுத்தது பீட்டர் பான். பறக்கிற படகில் ஏத்தி, ராத்திரி நேர லண்டன் மேலே கொண்டுபோவாங்க. சவாரி மூணு நிமிஷம் வராது. வரிசை 55 நிமிஷம்னு போர்டில் போட்டிருந்தான். எதிரணி அம்மையார், “வரிசையில் நிற்கிறதுதான் நரகம்” என்றார். கவனமாக் கேளுங்க.

அந்த வரிசையில் அக்காவும் மகனும் முன்னால், நானும் மற்றவங்களும் பின்னால். பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகிற வரிசை. பத்து நிமிஷம் அவன் செல்போனைத் தட்டிக்கிட்டே இருந்தான். அப்புறம் தட்டுறதுக்கு ஒண்ணும் இல்லை. பேசித்தான் ஆகணும். “ஏம்மா, புளியோதரை நல்லா இருந்துச்சு. ஊர்லயும் அடிக்கடி பண்றியா?” என்று சும்மா கேட்டான்.

அக்கா சொன்னாங்க, “எங்கே தம்பி, ராத்திரிச் சமையலை விட்டே வருஷமாச்சு. ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பைப் பத்த வச்சுக்கிட்டு? ரெண்டு பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துருவேன்.”

அவன் கேட்டான், “நான் வாரா வாரம் போன்ல கேட்கிறேனேம்மா. சாப்பிட்டேன்னுதானே சொல்ற?”

“நீ அங்கிருந்து கேட்கிற. வேற என்னத்தைச் சொல்லச் சொல்ற?”

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, நாலு வருஷமா வாரா வாரம் போன். ஒரு தடவை கூட வராத வார்த்தை. அது எங்கே வந்தது? ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, ஒரு விளையாட்டுப் படகுக்குக் காத்திருந்த வரிசையில் வந்தது. அவனால் நகர முடியாது, “அப்புறம் பேசறேன்மா, மீட்டிங் இருக்கு” என்று வைக்க முடியாது. பக்கத்தில் நின்று கேட்டுத்தான் ஆகணும். அவன் அந்தத் தாளை எடுத்தான், நாலா மடிச்சான், சட்டைப் பையில் வச்சான். அன்னைக்கு அது திரும்ப வெளியே வரலை. படகு வந்ததும் அம்மா கையைப் பிடிச்சு ஏத்தினான். இறங்கின பிறகு லண்டன் எப்படி இருந்துச்சுன்னு அக்காவைக் கேட்டேன். “எங்கே பார்த்தேன்? இவன் கையை விடவே இல்லை” என்றாங்க. (பலத்த கைதட்டல்)

14 ஐட்டத்தில் அன்னைக்குப் பார்த்தது அஞ்சு. ராத்திரி வாணவேடிக்கைக்குக் கூட நிற்கலை. சாயந்திரமே அறைக்குத் திரும்பிட்டோம். அக்கா ரசம் வைக்க, மருமகள் அப்பளம் பொரிக்க, ஏழு மணிக்கு எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எதிரணியினர் கேட்கலாம், “ரசம் சாப்பிடவா அவ்வளவு தூரம் போனீங்க?” என்று. ஆமாம்யா! அட்லாண்டா வீட்டில் அந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒரு நாள் சாப்பிடலை. அதுக்கு ஏழு மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருந்தது. மீதி மூணு நாளும் அவன் தாள் போடலை. இன்னொன்றும் சொல்லிடறேன். இப்போ அவன் வாரா வாரம் போன் பண்றதில்லை, தினம் பண்றான். உசிலம்பட்டியில் ராத்திரி எட்டு மணி ஆகும்போது பண்றான். “சாப்பிட்டியா?” என்று கேட்கிறதில்லை. “என்னம்மா சமைச்சே, காட்டு” என்கிறான். அக்கா தட்டைக் காட்டணும்!

அதனால் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்கா வேண்டாம், நம்ம ஊர்ப் பூங்காவுக்கே போங்க. முதல் நாள் மட்டும் கணக்குப் பார்க்காதீங்க. வீட்டிலேயே சின்னது எதுவோ அது ஒன்றைச் சொல்லட்டும். பெரியது எதுவோ அது ஒன்றைச் சொல்லட்டும். ரெண்டும் நடந்தா அன்னைக்குப் போதும். நடக்க முடியாதவங்க பக்கத்தில் யாராவது ஒருத்தர் மாறி மாறி உட்காருங்க. வரிசையில் நிற்கும்போது செல்போனைப் பைக்குள்ளே போடுங்க. வீட்டில் கேட்க நேரமில்லாத ஒரு கேள்வியைக் கேளுங்க. பதிலையும் காதில் வாங்குங்க. டிக்கெட் காசு அதிலேயே திரும்பிடும்.

நிறைவா ஒன்று. ஃப்ளோரிடாவில் அந்த இடத்துக்குத் திட்டம் போட்ட வால்ட் டிஸ்னி, அது எழும்புவதைப் பார்க்கவில்லை. 1966 டிசம்பரில் இறந்துபோனார். அவருக்கு ஓர் அண்ணன், ராய். தம்பியை விட எட்டு வயது பெரியவர். கணக்கு வழக்கு பார்க்கிறவர், மேடைக்கு வராதவர். ஓய்வு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டிய வயசு. ஆனால் ஓய்வைத் தள்ளிப் போட்டார். தம்பி நினைத்ததைக் கட்டி முடித்தார். 1971 அக்டோபர் 1 அன்று திறந்தார். வெறுமனே ‘டிஸ்னி வேர்ல்ட்’ என்று இருக்க வேண்டிய பெயரில், தம்பியின் பெயர் இருந்தே ஆகணும் என்று பிடிவாதம் பிடித்து, ‘வால்ட் டிஸ்னி வேர்ல்ட்’ என்று வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 20, அவரும் கண்ணை மூடினார். மூணு மாசம் கூட ஆகலை.

அந்தப் பூங்காவுக்குள் நுழைந்ததும் வருகிற சதுக்கத்தில் அந்த அண்ணனுக்கு ஒரு சிலை இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் வாசல் திறந்ததும் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் ராட்டினத்தைப் பார்த்து ஓடுகிறார்கள். எதிரணி நண்பர்களே, நீங்களும் ஓடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் பெருமை பேசுகிற அந்த இடத்தின் பெயர்ப் பலகையில் இருப்பதே ஓர் அண்ணன் தம்பி மேல் வைத்த பாசம்தான்.

அப்படிப்பட்ட மனிதர்களால்தான் சுற்றுலாவில் மனம் நிறைகிறது என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)